வாட்டைவிட உயரம் பெரிது: வயர்லெஸ் எதுவரை எட்டும்?

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு வாக்கி டாக்கி வாங்கப் போனால், கடையில் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" என்பதைத்தான். பெட்டியிலும் பெரிதாக ஓர் எண் அச்சடித்திருப்பார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். செட்டைவிட அது நிற்கும் இடம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது.

வாக்கி டாக்கி அனுப்பும் ரேடியோ அலைகள் பெரும்பாலும் நேராகப் போகின்றன, பூமியோ வளைந்திருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள், அலைக்கான அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று தெரிந்துவிடும். இரண்டு முனைக்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். தரையில் நிற்கும் இருவர் செட்டை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால் மொத்தம் சுமார் 10 கி.மீ. ஒரு முனை 30 மீட்டர் டவரில் இருந்தால் 27 கி.மீ.க்கு மேல். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு அப்படியே பொருந்தும், கடலில் குறுக்கே எதுவும் இல்லையே. படகின் ஆன்டெனாவைக் கம்பத்து உச்சியில் கட்டுவதும் இதனால்தான்.

கரையில் அவ்வளவு தூரம் கிடைக்காது. நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. சற்றுத் தொலைவு போனபின், தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். 5 வாட் செட்டை 10 வாட் ஆக்கினால் தூரம் ஏறக்குறைய 19 சதவீதம்தான் கூடும். ஆன்டெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்கினாலோ, சக்தியை நான்கு மடங்காக்கிய பலன்! வடசென்னை முழுக்கச் சமதளம், ஏறி நிற்க ஒரு குன்றுகூட இல்லை. தண்ணீர் டேங்க், மொட்டைமாடி, டவர் என்று உயரத்தை நாமேதான் தேட வேண்டும்.

யார்டுக்குள் இன்னொரு சிக்கல். ஒரு கன்டெய்னர் சுமார் 2.6 மீட்டர் உயரம். ஐந்து அடுக்கினால் 13 மீட்டர் இரும்புச் சுவர். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நிற்பவருக்கு மேலே வளைந்து வருவதும் பக்கங்களில் மோதி வருவதும்தான் கிடைக்கும். பல வழியில் வரும் இந்த அலைகள் ஓர் இடத்தில் சேர்ந்து வலுக்கும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழித்துவிடும். செட் 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசினால் அலைநீளம் சுமார் 67 செ.மீ. அதனால் கரகரவென்று கேட்கிற இடத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றாலே பேச்சு தெளிவாகிவிடலாம். செட்டை இடுப்பில் மாட்டியிருந்தால் உடம்பே சிக்னலில் பெரும்பங்கை விழுங்கிவிடும். இதையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

பலர் கோட்டை விடுவது திரும்பி வரும் பேச்சில்தான். கண்ட்ரோல் ரூம் 25 வாட்டில் பேசுகிறது. டிரெய்லர் பக்கத்தில் நிற்பவர் கையில் இருப்பதோ 5 வாட். அவருக்கு இங்கே பேசுவது கேட்கும், அவர் பேசுவது இங்கே வராது. அடிபட்டுக் கிடப்பவர் உதவி கேட்கிற நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? எனவே எல்லையை எப்போதும் கைச்செட்டிலிருந்து வருகிற சிக்னலை வைத்தே வரைய வேண்டும். அது எட்டாத மூலைகளில், கேட்பதற்கு மட்டும் கூடுதல் ரிசீவர்கள் வைத்து, எதில் தெளிவாக விழுகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு உண்டு.

இடம் பெரிதென்றால் உயரத்தில் ரிப்பீட்டர் வைப்பார்கள். ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொன்றில் அனுப்பும். இரண்டுக்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் 3 டெசிபல் போனால் பாதி சக்தி வழியிலேயே காலி. உப்புக்காற்று கனெக்டருக்குள் இறங்கினால் இன்னும் மோசம், நன்றாகச் சுற்றி அடைத்துவிடுங்கள்.

அப்புறம் நடந்து பார்க்க வேண்டும். யார்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பக்கமும் பேசி, தெளிவா, கரகரப்பா, ஒன்றுமே இல்லையா என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். யார்டு காலியாக இருக்கும் நாளில் எடுத்த குறிப்பு உதவாது. கப்பல் வந்து அடுக்குகள் உச்சத்துக்கு ஏறிய பிறகு, கிரேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள்.