ரீல்ஸ் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

போன ஆடி மாதம் இளம்பிள்ளையிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். வீட்டின் முன்பக்கம் சேலைக் கடை, பின்பக்கம் நாலு விசைத்தறி. "தம்பி, எம்மருமக போட்ட வீடியோவ நாலு லட்சம் பேர் பாத்திருக்காங்க. நாப்பது சேல கூடப் போகல. என்ன தப்பு பண்ணுனோம்னு வந்து பாருங்க" என்றார்.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு விளம்பர வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். சேலத்தைச் சுற்றியுள்ள சேலைக்காரர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், வீட்டிலேயே வடகமும் பொடியும் போட்டு விற்கிற பெண்கள் எனப் பலரோடு பழக்கம். "வீடியோ ஓடுது, வியாபாரம் ஓடல" என்ற பேச்சைக் கேட்காத வாரமே இல்லை. பெரும்பாலும் வீடியோவில் கோளாறு இருக்காது. வீடியோ முடிகிற இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

மறுநாள் போய் அந்த மருமகளின் போனை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் திறக்காத செய்திகள் மட்டும் அறுநூற்றுக்கு மேல். ஒரு கையில் செலோ டேப், இன்னொரு கையில் போன் என்று பார்சல் கட்டிக்கொண்டே பதில் போட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெண். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் "அந்த மெரூன் சேலை என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார். பதில் போனது மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு. நீல டிக் விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து பேச்சில்லை. இதே மாதிரி வரிசையாக. இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியாக வாசித்தோம். திரும்பத் திரும்ப மூன்றே கேள்விகள்: விலை என்ன, இருக்கிறதா, கூரியருக்கு எவ்வளவு. வீடியோவில் இந்த மூன்றும் இல்லை. "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று மட்டும் போட்டிருந்தார்கள். இதில் இன்னொரு விஷயம், அந்த மெரூன் சேலையே கையிருப்பில் ஆறுதான் இருந்தது.

நாலு லட்சம் பேர் பார்த்ததெல்லாம் உண்மைதான். ஆனால் ஆறு சேலையை வைத்துக்கொண்டு, ஒரே ஆள் பதில் போட்டுக்கொண்டு, விலையையும் சொல்லாமல் அத்தனை பேரைக் கூப்பிட்டால் பதில் கிடைக்காதவர்கள்தான் மிஞ்சுவார்கள். அப்படிப் போனவர் அடுத்த வீடியோவைப் பார்த்தாலும் கேட்கத் தயங்குவார். கூட்டத்தைச் சமாளிக்கிற ஏற்பாடு இல்லாமல் செய்கிற விளம்பரம் கடைப் பெயரைக் கெடுத்துவிடும். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன்.

விலையை ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே காரணம்: "பக்கத்துக் கடைக்காரன் பாத்துக் கொறச்சுப் போட்டுருவான்." பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும், வேண்டுமானால் அவரே வாடிக்கையாளர் மாதிரி கேட்டுத் தெரிந்துகொள்வார். விலை தெரியாமல் நிற்பது, வாங்கலாமா என்று யோசிக்கிற தர்மபுரிப் பெண்தான்.

அன்றைக்கு நாங்கள் புதிதாக எதுவும் படம் பிடிக்கவில்லை. சாதாரண வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் பிசினஸ் போட்டோம். 2018-லிருந்து இருக்கிற இலவச ஆப். அதில் ஒவ்வொரு சேலையையும் படம், விலையோடு கேட்லாக்கில் ஏற்றினோம். தினமும் நூறு தடவை எழுதுகிற பதில்களைக் குயிக் ரிப்ளையாகச் சேமித்தோம். கூரியர் கட்டணம், எத்தனை நாளில் போய்ச் சேரும், பணம் அனுப்ப வேண்டிய க்யூஆர் எல்லாம் ஒரு தடவை தட்டினால் போய்விடும். "பணம் வந்தது", "அனுப்பியாச்சு", "கேட்டிருக்காங்க" என்று லேபிள் போட்டுப் பிரித்தோம். பணம் வந்ததற்கு அடையாளம் வாடிக்கையாளர் அனுப்புகிற ஸ்க்ரீன்ஷாட் கிடையாது, வங்கிக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும் என்று மருமகளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். போலி ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை அனுப்பி ஏமாந்தவர்களை எனக்கு நேரிலேயே தெரியும்.

வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் "அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடல" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. அதனால் ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: கடைப் பெயர், எண், "இந்த எண்ணை சேவ் செய்துகொண்டால் புது வரவு உங்களுக்கு வரும்" என்று ஒரு வரி. அச்சடிக்க ஆகிற செலவு சில பைசாதான். ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வாங்குவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சேலை விற்பவர்களுக்கு இன்னொரு பெரிய தலைவலி கலர். ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்து, அதன்மேல் ஃபில்டர் போட்டால் மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடும். பார்சல் பிரித்ததும் "கலர் மாறி வந்திருக்கு" என்று சண்டை. இந்தக் கடையில் படத்தைக் காலை ஒன்பது மணிக்குள் திண்ணையில் வைத்து எடுக்கச் சொன்னேன். வெயில் நேராக விழாத, ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்கிற இடம் அது. முந்தானை, உடல், பார்டர், பின்பக்கம் என நாலு படம். மடிப்பைப் பிரித்துக் கையில் பிடித்த ஒரு சின்ன வீடியோ. ஃபில்டர் கிடையாது. "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று கடைசி வரியில் போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறு என்றால் நுகர்வோர் சட்டத்தின் முன்னால் அந்த வரி நிற்காது.

சரி, காசு கட்டி விளம்பரம் போடுவதற்கு வருவோம். ரீல்ஸுக்குக் கீழே "பூஸ்ட்" என்ற பட்டன் இருக்கும். அக்காவின் மருமகளும் அதை அழுத்தி இரண்டாயிரம் ரூபாய் கட்டியிருந்தார். இடம் என்ற பகுதியில் இந்தியா முழுவதும். நோக்கம் என்ற பகுதியில் அதிகம் பேர் பார்க்க வேண்டும் என்று. நாம் எதைக் கேட்கிறோமோ அதைச் செய்யக்கூடிய ஆட்களைத்தான் இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டா நிறுவனத்தின் கணினி தேடிப் பிடிக்கும். பார்வை வேண்டும் என்றால் பார்த்துவிட்டுப் போகிறவர்களையும், லைக் வேண்டும் என்றால் லைக் போடுகிறவர்களையும் கொண்டுவரும். நமக்கு வேண்டியது வாட்ஸ்அப்பில் வந்து கேட்கிற ஆள். அப்படியென்றால் மெசேஜ் வர வேண்டும் என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடத்தையும் சுருக்க வேண்டும். அடுத்த முறை சேலம், ஈரோடு, நாமக்கல், தர்மபுரி, கோவை ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் போட்டோம். பார்வை பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் வந்து கேட்டவர்களில் வாங்கியவர்கள் கூடினார்கள். பார்வை குறைந்துவிட்டதே என்று மருமகளுக்கு முதலில் முகம் வாடியது. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு ஆர்டர் எண்ணிக்கையைச் சொன்னார்.

விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மொத்தம் ஆயிரம் ரூபாய்தான் செலவழிக்க முடியும் என்றால், சுமார் 847 ரூபாய்க்குத்தான் விளம்பரம் ஓடும். ஜிஎஸ்டி என்றதும் இன்னொன்று. ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். உள்மாநில விற்பனைக்கு அது சரி. ஆனால் ரீல்ஸ் பார்த்து பெங்களூரிலிருந்து ஒருவர் ஆர்டர் போட்டு, நீங்கள் சரக்கை அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி சரக்கு விற்பவர்களுக்கு விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விளம்பரம் போடுவதற்கு முன் ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

உணவுப் பொருள் விற்கிறவர்களிடம் எனக்குக் கூடுதல் கவலை உண்டு. ஆத்தூர் பக்கம் ஒரு சகோதரி அருமையான சத்துமாவு செய்கிறார். அவருக்குப் போஸ்டர் செய்து கொடுத்த பையன், "சுகருக்கு இனி மாத்திரை வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். அதைப் பார்த்து யாராவது ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? அந்தச் சகோதரிக்கும் அது தோன்றவில்லை. எல்லோரும் இப்படித்தானே போடுகிறார்கள் என்றார். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிகள் தடுக்கின்றன. தவறாக வழிநடத்துகிற விளம்பரத்துக்குப் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போஸ்டரை எடுத்துவிட்டு, மாவில் என்னென்ன தானியம், எப்படி வறுத்து அரைத்தது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று எழுதிப் போட்டோம். கூடவே உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணும். வீட்டுச் சமையலறையில் செய்தாலும் அந்தப் பதிவு வேண்டும்.

யூடியூபர்களையும் இன்ஸ்டாகிராமில் பெயர் வாங்கியவர்களையும் கூப்பிட்டு வீடியோ போடச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. செய்யலாம், தவறில்லை. ஆனால் பணமோ இலவசப் பொருளோ கொடுத்திருந்தால், இது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காமல் கமெண்டைப் படியுங்கள். "சூப்பர்", "நைஸ்" என்று மட்டும் இருக்கிறதா, "இது எங்க கிடைக்கும்? கரூருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்கிறார்களா? இரண்டாவது வகை கமெண்ட் வருகிறவரிடம் காசு கொடுங்கள்.

ஊரில் கடை வைத்திருப்பவர்கள் ரீல்ஸுக்கு முன்னால் கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்துவிட வேண்டும். அது இலவசம். "உங்கள் கடை மேப்பிலிருந்து நீக்கப்படும், பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். கூகுள் அதற்குக் காசு கேட்பதில்லை. ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

கடைசியாக, நான் அதிகம் வேதனைப்பட்ட ஒரு விஷயம். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஓர் அண்ணன், ஐந்து வருடம் பாடுபட்டு இன்ஸ்டாகிராமில் பதினோராயிரம் பேரைச் சேர்த்திருந்தார். பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்தவன் தெரிந்த பையன். தன் மெயிலையும் தன் நம்பரையும் போட்டு ஆரம்பித்திருக்கிறான். பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, நம்பர் மாறியது. ஒரு நாள் அண்ணனின் போனில் பக்கம் லாக்அவுட் ஆனது; திரும்ப உள்ளே போகவே முடியவில்லை. இரண்டு மாதம் அலைந்தோம். கிடைக்கவில்லை. புதுப் பக்கம் ஆரம்பித்து, பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பழைய பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் இன்னும் ஆட்கள் விலை கேட்கிறார்கள். பதில் சொல்ல அவரால் முடியவில்லை.

இன்றைக்கு ராத்திரி கடை சாத்தியதும் உங்கள் பக்கத்தின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். எந்த மெயில், எந்த நம்பர் இருக்கிறது? முழுக் கட்டுப்பாடு யார் பெயரில் இருக்கிறது? வேறு ஒருவர் பெயரில் இருந்தால், அவரோடு நல்ல உறவு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். நான் உட்பட யார் விளம்பர வேலை செய்தாலும், வேலைக்கு வேண்டிய அளவு அனுமதி மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

இளம்பிள்ளை அக்காவின் கடைக்குத் தை மாதம் மறுபடி போனேன். மருமகள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளநோட்டு வைத்திருந்தார். ஆர்டர் எண், ஊர், என்ன சேலை, எதைப் பார்த்து வந்தார்கள் என்று நாலு பத்தி. கடைசிப் பத்தியில் "வீடியோ" என்று எழுதியிருந்த இடங்களை எண்ணிப் பார்த்தோம். அதைவிட அதிகமாக இருந்தது, "முன்னாடி வாங்கினவங்க சொன்னாங்க" என்பது.