மணிமாலை வாங்கும்போது துளையைப் பாருங்கள்

மணிமாலையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் பார்ப்பது நிறத்தை. அடுத்தது பளபளப்பு, பிறகு மணியெல்லாம் ஒரே அளவா என்று. துளையை யாரும் பார்ப்பதில்லை. கல் பதித்த மோதிரத்தில் கல்லின் மேல்முகம் மட்டும்தான் நமக்குத் தெரியும். மணியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குடைந்திருக்கிறார்கள், அதனால் அதன் உட்புறமும் பார்க்கக் கிடைக்கிறது. அது என்ன கல், அதில் என்ன ஏற்றியிருக்கிறார்கள், நூல் எத்தனை காலம் தாங்கும் என்பதில் பாதி அந்தத் துளையிலேயே தெரிந்துவிடும்.

கோவையில் கைவேலை நகை செய்வதும், பழைய மாலைகளைப் பிரித்துக் கோர்த்துக் கொடுப்பதும் என் தொழில். பாட்டி காலத்துப் பவளம், சபரிமலைக்குப் போடும் ஸ்படிகம், முத்துச் சரம், பட்டுப்புடவைக்கு இன்றைய பெண்கள் போடும் பச்சை மணி என்று எல்லாம் என் மேசைக்கு வரும். எது வந்தாலும் நூலைக் கொஞ்சம் ஒதுக்கி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் துளை விளிம்பைப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. அந்த லென்ஸ் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மாலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சாயம். பிரோசா (டர்க்காய்ஸ் என்ற நீலக் கல்) என்று சொல்லி நீல மணிச் சரம் ஒன்று வந்தது. நூல் நைந்திருந்ததால் அறுத்தேன். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய நூல் மணிக்குள் இருந்த இடமெல்லாம் நீலம் பிடித்திருந்தது. லென்ஸில் பார்த்தால் துளை விளிம்பில் நிறம் அடர்த்தியாகத் தேங்கியிருக்கிறது, உடைந்திருந்த ஒரு மணியின் உள்ளே சுண்ணாம்புபோல வெள்ளை. ஹவ்லைட், மேக்னசைட் என்ற வெள்ளைக் கற்களில் இயற்கையாகவே கறுப்பு, சாம்பல் நிற நரம்புக் கோடுகள் ஓடும். நீலச் சாயத்தில் ஊறப்போட்டால் அச்சு அசலாகப் பிரோசா. நரம்பு ஓடுகிறதே, அசலாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்காகவே அமைந்த கல் அது.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, கழுத்துக்குப் பின்னால் போகும் ஒரு மணியின் துளையோரம் மட்டும் மெல்லத் துடையுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் சாயம். ஏறாவிட்டால் சாயமே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது, பல சாயங்கள் அசிட்டோனுக்கு அசையாது. முத்தின்மேல் இதைச் செய்யவே வேண்டாம்.

சாயமோ சூடோ ஏற்றியதெல்லாம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. கறுப்பு ஓனிக்ஸ் என்று விற்பதில் பெரும்பகுதி, அகேட் கல்லைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, பின் கந்தக அமிலத்தில் போட்டு, உள்ளே கரியாக்கிக் கறுப்பாக்கியது. சூதுபவளத்தின் சிவப்பும் அப்படித்தான். பெயரில் பவளம் இருந்தாலும் அது கார்னீலியன் என்ற கல். குஜராத்தின் கம்பாத்தில் மங்கலான கல்லைச் சூடேற்றி, அதிலுள்ள இரும்பைச் சிவக்க வைக்கிறார்கள். இந்த வேலை ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம், நிறமும் போகாது. சொல்லிவிட்டு, அதற்குரிய விலைக்கு விற்றால் ஒரு குறையுமில்லை. வேர்வை பட்டால் ரவிக்கையில் ஒட்டும் நிறத்தை அசல் கல் விலைக்குக் கொடுப்பதுதான் தகராறு.

பவளத்தில் இன்னும் கவனம் தேவை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். “எங்க அம்மாயி போட்ட பவளமுங்க கண்ணு, பேத்திக்குக் கோத்துக் குடு” என்றார். பிரித்துத் தட்டில் கொட்டியதும் தெரிந்தது, சரத்தின் நடுவே மணிகள் இரண்டு விதம். பெரும்பாலானவை உள்ளும் புறமும் ஒரே சிவப்பு, துளை வழுவழுவென்று தேய்ந்து நூலுக்குப் பழகிப்போயிருந்தது. சிலவற்றில் துளை வெளுத்து, சாயம் மேலே ஓடும் வரிகளில் மட்டும் கோடுகோடாக நின்றது. மூங்கில் பவளம் என்ற மலிவான வகைக்குச் சிவப்பு ஏற்றியவை அவை. எப்போதோ நூல் அறுந்து, எங்கேயோ கோர்க்கக் கொடுத்தபோது புகுந்திருக்கின்றன. அந்த அம்மாவிடம் லென்ஸைக் கொடுத்தே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இந்தச் சாய மணியத் தனியாக் கட்டிக் குடு, நல்லதப் பேத்திக்குக் கோத்துக் குடு” என்றார், அவ்வளவுதான்.

துளை வெளுத்திருந்தாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. மத்தியதரைக்கடல் பவளம் பெரும்பாலும் உள்ளேயும் சிவப்பு, ஆனால் ஜப்பான் பக்கத்துச் சில வகைகளில் நடுத்தண்டு வெள்ளையாக இருப்பது இயல்பு. சாயம் விரிசலிலும் வரியிலும் தேங்கியிருக்கிறதா என்பதுதான் அடையாளம். இன்னொன்று. ராமேசுவரம் பக்கம் ‘நம்ம கடல் பவளம்’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவது. நகைப் பவளமும் அதுவல்ல.

அடுத்து கண்ணாடி. கண்ணாடி மணியைக் கேவலமாக நினைப்பவன் அல்ல நான். புதுச்சேரிக்கு அருகே பண்டைத் துறைமுகமான அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழலை இழுத்துத் துண்டுபோட்டுச் செய்த சின்னஞ்சிறு மணிகள் கடல் கடந்து போயிருக்கின்றன. அதே முறையை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை கைவிடாமல் செய்தார்கள். தாலியோடு கோர்க்கும் கருகமணியே கண்ணாடிதானே. எனக்குக் கோபம் பெயரில்தான். கோல்டு ஸ்டோன் என்பது செப்புத் துகள் மினுங்கும் கண்ணாடி. ஓபலைட்டும் கண்ணாடி. குவார்ட்ஸ் என்றால் ஸ்படிக இனக் கல், ஆனால் ‘ஹைட்ரோ குவார்ட்ஸ்’ என்று என் கைக்கு வந்தவை பெரும்பாலும் கண்ணாடி. மோனாலிசா மணி என்று இப்போது சக்கைப்போடு போடுகிறதே, அதில் நான் சோதித்தவையும் பெரும்பாலும் அதுதான். மலேசியன் ஜேட், சாயம் ஏற்றிய குவார்ட்ஸ். பெயருக்கு முன்னால் ஒரு ஊரோ நாடோ ஒட்டியிருந்தால், “இது என்ன கல்லுங்க, கண்ணாடியா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

ஸ்படிகத்தில்தான் ஏமாற்று அதிகம். கண்ணாடிக்குள் வட்டமான காற்றுக்குமிழி இருக்கும், சில சமயம் பாகு கலக்கியதுபோன்ற சுழிவும் தெரியும். அசல் ஸ்படிகத்தில் குமிழி உருண்டையாக இராது, மெல்லிய புகைத் திரைபோல, இறகுபோல ஏதாவது ஓடும். கண்ணாடி மணியின் துளை விளிம்பில் கிளிஞ்சல் சில்லு பெயர்ந்தமாதிரி பளபளவென்ற உடைப்புகள் இருக்கும். ஆனால் ஸ்படிகமும் அதேபோல உடையும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டில் இரண்டு மணியை உரசி ஒளி காட்டுகிற வித்தையை நம்பவே வேண்டாம். ஆலையில் வளர்த்த குவார்ட்ஸும் அப்படி மின்னும், உரசிய உங்கள் மணியில் தேய்மானமும் விழும். ஆலையில் வளர்த்ததா, மண்ணில் விளைந்ததா என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் சொல்ல முடியும். ஜெபத்துக்கும் ராசிக்கும் எது பலன் தரும் என்று என்னைக் கேட்காதீர்கள், கல் எது என்பது வரைதான் என் வேலை.

ஆய்வுக்கூடச் சான்றிதழோடு மாலை விற்றால் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். மணிகள் முழுவதையும் சோதித்தார்களா, ஒருசிலவற்றை மட்டுமா?

பச்சை மணிகளில் எண்ணெய் ஒரு தனிக் கதை. மரகதத்தில் விரிசல் இல்லாமல் இராது, எண்ணெய் ஏற்றுவது பழைய வழக்கம். தரம் குறைந்த மணிகளில் ஏற்றுவது பச்சை நிறம் கலந்த எண்ணெய். துளைக்குள் டிஷ்யூ தாளை முறுக்கி விட்டுப் பாருங்கள், பச்சைப் பிசுக்கு வரும். கெம்பு, மாணிக்க மணிகளில் சுமார் 2004 முதல் ஈயக் கண்ணாடியை விரிசலில் நிரப்பும் முறை வந்திருக்கிறது. அது எலுமிச்சைச் சாற்றுக்கே அரிபடும். பட்டறையில் ஆசாரி ஊதும் நெருப்பு பட்டால் முடிந்தது. பற்றவைக்கக் கொடுக்கும்போது கல்லைப் பற்றிச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, பிறகு ஆசாரியோடு சண்டை போடுவதில் நியாயமில்லை.

முத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் அதே கடற்கரையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியது. இன்று கடையில் நீங்கள் பார்க்கும் அசல் முத்து அனேகமாக எல்லாமே வளர்ப்பு முத்து, அதிலும் பெரும்பகுதி சீனாவின் நன்னீர்க் குளங்களிலிருந்து வருவது. வளர்ப்பு என்றால் போலி அல்ல. போலியைத் துளை சொல்லிவிடும். மேல்பூச்சு துளையோரம் பெயின்ட் உரிந்ததுபோலச் சுருண்டு நிற்கும், அடியில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரியும். அசலில் விளிம்பு கூராக, சுத்தமாக இருக்கும். கறுப்பு, ரோஸ் முத்துகளில் நிறம் துளையோரம் திட்டாக இருந்தால் சாயம். இரண்டு முத்தை மெல்ல உரசினால் அசலில் நறநறப்பு தெரியும், அழுத்தி உரசாதீர்கள்.

இனி பணம். தங்கக் குண்டு வைத்துக் கோர்த்த மணிமாலையில் பலர் நஷ்டப்படுவது கல்லில் அல்ல, எடையில். மாலை மொத்தம் 40 கிராம், அதில் மணி 28 கிராம் என்றால் தங்கம் 12 கிராம்தான். சேதாரமும் செய்கூலியும் எதன்மேல் போட்டார்கள் என்று பாருங்கள். மணியின் எடையைத் தங்கத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்ட பில்களைப் பார்த்திருக்கிறேன். குண்டு நசுங்காமலிருக்க உள்ளே அரக்கு நிரப்பியிருந்தால் அதன் எடையும் தங்கமல்ல. ஹால்மார்க் நகையின் பில்லில் நிகர எடையும் தூய்மையும் தனியாக இருக்க வேண்டும், எச்.யு.ஐ.டி என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளக் குறியீடு நகையில் இருக்க வேண்டும். குந்தன், போல்கி, ஜடாவ் என்ற கல் பதித்த நகை வகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். திரும்ப விற்கும்போது சரத்தை அறுத்துத் தங்கத்தை மட்டும்தான் நிறுப்பார்கள், மணியைப் பொட்டலமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கோர்ப்பதற்கு முன்பே குண்டுகளைத் தனியாக நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுத்துச் செய்யும் கைவேலையில் இதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை.

நூல் அறுந்தால் நூலைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி துளையின் கூர்விளிம்பு. ஸ்படிகமும் அகேட்டும் கடினக் கற்கள், துளையைச் சீர்செய்யாமல் விட்டால் விளிம்பு நூலை அரத்தைப்போல அறுத்துக்கொண்டே இருக்கும். நல்ல மணியை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். அவசர வேலையில் ஒரே பக்கமாகக் குத்தினால் மறுபக்கம் சில்லு பெயரும். கம்பாத்தின் கைவினைஞர்கள் வில்லை இழுத்துச் சுழற்றும் துளைப்பானின் நுனியில் இரண்டு சிறு வைரத் துணுக்குகளைப் பதித்து இந்த வேலையைச் செய்தார்கள். எங்கள் கொங்கு நாட்டுக்கும் இது புதிதில்லை. நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் முடித்த மணிகளோடு, துளையிடாமல் பாதியில் நின்ற மணிகளும் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பச்சைக்கல்லுக்கு அங்கே பட்டறையே இருந்திருக்கிறது.

கனமான கல்லுக்கு கியர் வயர் என்ற மெல்லிய உலோகக் கம்பி நல்லது, ஆனால் அதன் முனையைப் பிடிக்கும் சிறு குழலான கியர் லாக்கை நசுக்கிய இடத்தில் கம்பி பிசிறு நீட்டியிருந்தால் கழுத்தைக் கீறும், விரல் வைத்துப் பாருங்கள். முத்துக்குப் பட்டு நூல்தான், முத்துக்கு முத்து முடிச்சு வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று உரசாது, அறுந்தாலும் ஒரு முத்தோடு போகும். முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் நூல் நீண்டுவிட்டது, மறுபடி கோர்க்கும் நேரம். தினமும் போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தங்கச் சங்கிலியை ஊறப்போடும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மணிமாலையைப் போடாதீர்கள். நூல் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே மக்கும். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் முத்து, பவளத்தின் பக்கம் வரக்கூடாது. இரண்டுமே சுண்ணாம்புப் பொருள், புளிப்பு பட்டால் கரையும். சென்ட் அடித்து, தலைவாரி முடித்தபின் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் துணிப்பையில் படுக்கவையுங்கள், ஆணியில் தொங்கவிட வேண்டாம். கடையில் ‘மெஷினில் போட்டு கிளீன் பண்ணித் தர்றோம்’ என்றால் முத்து, பவளம், மரகதம், பிரோசா, நிரப்பிய மாணிக்கம் எதையும் கொடுக்காதீர்கள்.

வீட்டிலிருந்தே நகை செய்து இன்ஸ்டாகிராமில் விற்கும் பெண்கள் இப்போது நிறைய. அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன டிரில் வாங்கி, சாப்பாட்டு மேசையில் கல்லைக் குடைகிற வீடியோக்களைப் பார்க்கிறேன். அகேட், ஸ்படிகம், சூதுபவளம் எல்லாம் ஏறக்குறைய முழுக்க சிலிக்கா. உலர்ந்த கல்லிலிருந்து பறக்கும் தூளில் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் நுரையீரலின் அடிவரை போகும். கம்பாத்தில் அகேட் தேய்த்தவர்களுக்கும், அந்த வீடுகளிலேயே வாழ்ந்தவர்களுக்கும் சிலிக்கோசிஸ் என்ற, சிலிக்காத் தூளால் வரும் நுரையீரல் நோய் வந்தது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த நோய்க்குக் குணம் கிடையாது, வேலையை விட்ட பிறகும் வளரும், காசநோயையும் கூட்டிவரும். துணி மாஸ்க் இதற்குப் போதாது.

துளை விளிம்பைச் சீராக்க வேண்டுமென்றால் வைரத்தூள் பூசிய ஊசி அரத்தைக் கையால் திருப்புங்கள், மணி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் மூழ்கியே இருக்கட்டும். சேறாகப் படிவதைக் காயவிடாமல் ஈரத்துணியால் வழித்து எடுங்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். இயந்திரத்தில் குடைவதைப் பட்டறைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்களிடமும் தண்ணீர் விட்டுக் குடைகிறீர்களா என்று கேட்டு, ஆம் என்பவரிடமே வேலை கொடுங்கள். மணிக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள்.