காது கேளாதோருக்கான உதவி: பணத்தோடு சைகை மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். அக்கா நகலெடுக்கப் போன ஐந்து நிமிடத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முறை போய்விட்டது, மறுபடி கடைசியிலிருந்து வரிசை.

மாற்றுத்திறனாளி உதவித்தொகையைத் தென்னாப்பிரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமையான 'சாசா' வழங்குகிறது. 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் கேட்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. காது கேட்காது என்ற மருத்துவச் சான்று மட்டும் போதாது. அதனால் வேலை செய்து பிழைக்க முடியவில்லை என்று மருத்துவ மதிப்பீடு காட்ட வேண்டும். வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த மதிப்பீட்டு அறையில்தான் மொழி முக்கியமாகிறது. தாய் சுருக்கிச் சொல்வதும் மகன் தானே சொல்வதும் ஒன்றல்ல.

2023 ஜூலை 19 அன்று ஜனாதிபதி சிரில் ராமபோசா கையெழுத்திட்ட அரசியலமைப்புத் திருத்தத்தால் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி நாட்டின் 12ஆவது ஆட்சி மொழியானது. சைகை மொழி பேசுபவர்களோடு எப்படித் தொடர்பு கொள்வது என்பதை ஒவ்வொரு தேசிய அரசுத் துறையும் தன் மொழிக் கொள்கையில் சொல்லியாக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு முன்பே விதித்திருந்தது. ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1999இல் நாடாளுமன்ற உறுப்பினரான, காது கேளாத வில்மா நியூஹவுட்-டிருச்சன் அவையிலேயே சைகை மொழியில் பேசியவர். நம் பிள்ளைகள் ஒரு கவுண்டரில் பேசக் கூடாதா?

மேற்படிப்புக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான 'என்ஸ்ஃபாஸ்' இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்திலும் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் குடிமக்களுக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3,50,000 ராண்டு. மாற்றுத்திறனாளி மாணவருக்கு அது 6,00,000 ராண்டு. இந்த வேறுபாடு தெரியாமல், தங்கள் வருமானம் அதிகம் என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் வேகிறது. காது கருவிக்கும் வகுப்பில் உடனிருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உதவி கேட்கலாம். அதற்கான மாற்றுத்திறனாளிப் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்குங்கள்.

தேவையான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பது 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பாகுபாடாகலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே சமத்துவ நீதிமன்றம் இயங்குகிறது. வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம், கட்டணமும் இல்லை. முறையிட எழுத்துச் சான்று கைகொடுக்கும். அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதைச் சந்திப்பு நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா இரண்டாம் முறை போனபோது அப்படித்தான் ஒரு கடிதம் கொண்டுபோனார். கீழே கையெழுத்துப் போட்டவன் மகன்.