தமிழ்நாட்டில் முன்பதிவில்லாமல் ரயிலேறுவது: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போகலாமா என்று எங்கள் பக்கம் இப்போது பலர் விசாரிக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கும் சிதம்பரத்துக்கும் நேர்த்திக்கடனுக்காகப் போகிறவர்கள் ஒரு பக்கம். எண்பதுகளில் இங்கிருந்து படகேறிப் போய் அங்கேயே இருந்துவிட்ட அக்காவை, மாமியைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். இறங்கியதும் பலர் வாடகைக் காரைத்தான் தேடுகிறார்கள். “புக் பண்ணாட்டி ரயில் கிடைக்காது, வெளிநாட்டு ஆக்களுக்குக் கொடுக்க மாட்டினம்” என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். அது பிழை.

இந்திய ரயில்வேயில் முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை யாரும் எடுக்கலாம். கவுண்டரில் காசைக் கொடுத்தால் போதும். அதில் பெயர் அச்சிடப்படுவதில்லை. கைத்தொலைபேசிச் செயலியிலும் எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு இந்திய நம்பர் வேண்டும். நமக்குக் கவுண்டர் வரிசையே வசதி.

டிக்கெட் இருந்தால் போகலாம், இருக்கைக்கு உறுதி இல்லை. இத்தனை பேருக்குத்தான் என்ற அளவும் இல்லை. கொழும்பு இரவு மெயிலில் மூன்றாம் வகுப்பில் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பதிவில்லாதவர்கள் ஏறும் பொதுப் பெட்டிகள் பெரும்பாலும் ரயிலின் முன்னாலும் பின்னாலும் இருக்கும். ஒரு பெட்டியில் 90 முதல் 100 பேர் வரை உட்காரலாம். பிளாட்பாரத்தின் நடுவில் மூட்டை முடிச்சோடு நின்றுவிட்டு, ரயில் வந்தபின் கடைசிப் பெட்டிக்கு ஓடுவது வயதானவர்களுக்கு ஆபத்து. முன்கூட்டியே போர்ட்டரிடமோ தேநீர்க் கடைக்காரரிடமோ கேட்டு, சரியான முனைக்குப் போய் நில்லுங்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது டிக்கெட்டின் வகையில். ஒரே ஊருக்கு மூன்று விலை உண்டு: சிறு நிலையங்களிலும் நின்று போகும் சாதாரண பாசஞ்சர், எக்ஸ்பிரஸ், அதைவிட விரைவான சூப்பர்பாஸ்ட். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறக்கூடாது. சூப்பர்பாஸ்ட் என்றால் எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மேல் இந்திய 15 ரூபா கட்ட வேண்டும். ரயில் எண் 12, 20, 22 என்று தொடங்கினால் அது சூப்பர்பாஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே கவுண்டரில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல், எந்த ரயிலில் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “திருச்சிக்கு எக்ஸ்பிரஸ், பெரியவர் ரெண்டு, ஒரு அரை டிக்கெட்.” 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, 5 முதல் 12 வயதுக்குள் அரைக் கட்டணம்.

அடுத்தது நேரம். 200 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணத்துக்கு அன்றைக்கே டிக்கெட் எடுக்க வேண்டும். எடுத்து 3 மணித்தியாலத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் ரயிலில் ஏறிவிட வேண்டும், இரண்டில் எது பிந்துகிறதோ அதுவரை செல்லும். நாகப்பட்டினம்–திருச்சி இந்தக் கணக்கில் வரும். காலையில் டிக்கெட்டை எடுத்துவிட்டு, வேளாங்கண்ணி போய்க் கும்பிட்டு வந்து மாலையில் ஏறலாம் என்று நினைத்தால் அந்த டிக்கெட் செல்லாது. 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 3 நாள் முன்பே எடுக்கலாம். திருவாரூரிலிருந்து ராமநாதபுரம் போகிறவர்களுக்கு இது உதவும்; 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

நெடுந்தூர ரயில்களில் முழுக்க முழுக்க முன்பதிவில்லாத ஒன்றும் உண்டு: அந்தியோதயா. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்த திட்டம் அது. தமிழ்நாட்டில் 2018இல் தாம்பரம்–திருநெல்வேலி என்று தொடங்கி, இப்போது நாகர்கோவில் வரை ஓடுகிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை எல்லாம் அதன் பாதையில் வரும். கட்டணம் மற்ற ரயில்களின் பொதுப் பெட்டியைவிடச் சற்றுக் கூட, ஆகவே பெயரைச் சொல்லியே டிக்கெட் கேளுங்கள். எல்லாப் பெட்டியும் பொது என்பதால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால், கையில் காசு குறைந்த குடும்பத்துக்கு இதைவிட நல்ல ரயில் அந்தப் பாதையில் இல்லை. இரவில் ஓடுகிற ரயில் என்பது மட்டும்தான் குறை. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பகலில் சிறு சிறு தூரமாகப் போவதே நல்லது. வந்தே பாரத், தேஜஸ் போன்ற கட்டணம் கூடிய விரைவு ரயில்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது.

கட்டணம் 2025இல் இரண்டு முறை ஏறியது. ஜூலையில் ஏசி இல்லாத எக்ஸ்பிரஸ் பெட்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசா கூட்டினார்கள், ஆண்டுக் கடைசியில் இன்னும் கொஞ்சம். அப்படியிருந்தும் வாடகைக் காருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாத விலைதான்.

நெரிசல் தாங்காமல் படுக்கைப் பெட்டிக்குள் நுழைந்துவிடாதீர்கள். பரிசோதகர் பிடித்தால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபா தண்டம். கட்டினால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பல ரயில்களில் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. தாயோடு 12 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளையும் அதில் போகலாம், தகப்பன் பொதுப் பெட்டியில் வர வேண்டும். சாமான் ஆளுக்கு 35 கிலோ வரை இலவசம். திரும்பி வரும்போது சேலையும் பாத்திரமும் நிறைந்த பைகளைக் கப்பலின் கணக்கோடு மட்டுமல்லாமல் இந்தக் கணக்கோடும் ஒப்பிட்டுக் கட்டுங்கள்.