‘உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் சரிவராதும்மா’

போன திங்கட்கிழமை ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். மகனுக்கு ஏழு வயது, பெருமூளை வாதம். வாக்கர் பிடித்து நடப்பான், பேச்சு கொஞ்சம் குழறும், கணக்கில் கெட்டிக்காரன். நான்காவது பள்ளியும் கைவிரித்துவிட்டது. "ரொம்ப அன்பாத்தான் பேசினாங்க மேடம், காபிகூடக் கொடுத்தாங்க. இந்த மாதிரி தெய்வக் குழந்தைங்களுக்குன்னே ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கே, அங்க நல்லாப் பாத்துப்பாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

பதினெட்டு வருடமாகச் சிறப்பாசிரியர் வேலை பார்க்கிறேன். ‘தெய்வக் குழந்தை’ என்று கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. தெய்வத்துக்கு இரண்டாம் வகுப்பில் ஓர் இடம் கொடுக்க மட்டும் மனம் வராது.

இதைவிட எரிச்சல், பள்ளி சேர்த்துக்கொண்டால் அது அவர்கள் காட்டும் தயவு என்று பெற்றோரே நம்புவதுதான். தயவு இல்லைங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும். பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தைப் பிள்ளை புழங்கும்படி மாற்ற வேண்டும், அவன் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும். 31-ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். தலைமையாசிரியரின் விருப்பம் என்று எங்கேயும் எழுதவில்லை.

"எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லையே, வசதி இல்லையே?" இந்தப் பாட்டு பழைய பாட்டு. 1972-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஏழு பிள்ளைகள் சார்பில் நடந்த மில்ஸ் வழக்கில் கல்வி வாரியமும் பணமில்லை என்றுதான் சொன்னது. இருக்கிற பணத்தைப் பங்கிடுங்கள், பற்றாக்குறையை இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்றது நீதிமன்றம்.

நம் நாட்டில் 1974-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்க உதவித்தொகை கொடுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பள்ளி அப்படியே இருக்கும், சமாளிக்கிற பிள்ளை தங்கும். ஸ்பெயினின் சலமான்காவில் 1994-இல் 92 அரசுகள் கூடி அதைத் திருப்பிப் போட்டன: மாற வேண்டியது பள்ளி. நம் 2016 சட்டமும் உள்ளடக்கிய கல்வி என்றால் எல்லாரும் சேர்ந்து படிப்பது, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையை மாற்றுவது என்றே வரையறுக்கிறது. பல பள்ளிகள் இன்னும் 1974-லேயே உட்கார்ந்திருக்கின்றன. சேர்த்துவிட்டோமே என்பார்கள். போய்ப் பார்த்தால் பையன் கடைசி பெஞ்சில், பக்கத்தில் அம்மா, அதுவும் தினமும்.

சிறப்புப் பள்ளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி புழங்கும் இடம் பெரிய வரம். பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த பள்ளி இருக்கிறது. ஆனால் அங்கே போவது நாம் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், துரத்திவிட்ட இடமாக இருக்கக்கூடாது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். பள்ளி வாயால்தான் மறுக்கும், எழுதித் தராது. அதனால் நீங்கள் எழுதிக் கொடுங்கள். சேர்க்கை கேட்டு மனு, நகலில் தேதியும் முத்திரையும். மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒன்று. ‘ஒரு வாரம் ட்ரையல் பாக்கலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையைச் சோதித்துச் சேர்ப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது, முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பெற்றோரையும் திட்ட வேண்டியிருக்கிறது. முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்து மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்காமல் இருப்பது, சேர்க்கும்போது குறைபாட்டை மறைப்பது, அப்புறம் பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடிவந்து "எழுதித் தர ஆள் வேணும், கூடுதல் நேரம் வேணும்" என்பது. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் என்ன மந்திரமா போட முடியும்? மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யுடிஐடிக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

வகுப்பாசிரியர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் திணறுகிறீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், கூப்பிடுங்கள். அதுவரை அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையை முன்வரிசைக்கு மட்டும் கொண்டுவந்துவிடுங்கள், தயவுசெய்து.

அந்த அம்மா நாளை ஐந்தாவது பள்ளிக்குப் போகிறார். மனுவை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காபி கொடுத்தால் குடித்துக்கொள்ளுங்கள், நகலில் முத்திரை வாங்காமல் மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.