மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள்

இடுப்பு எலும்பு முறிந்து வரும் பெரியவர்களின் பிள்ளைகள் மயக்க மருத்துவரான என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "டாக்டர், முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகுவலி வருமாமே?"

வராது. அறுவை சிகிச்சைக்காக இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் அந்த ஊசியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் குத்துவது அதற்கும் கீழே, நரம்பு இழைகள் நீரில் மிதக்கும் இடத்தில். குத்திய இடம் இரண்டொரு நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். ஊசிக்குப் பின் வரும் தலைவலிகூட இளவயதினரைவிட முதியவர்களுக்குக் குறைவு.

உண்மையான சிரமம், முறிந்த காலோடு அவர்களை உட்கார வைப்பதுதான். அதனால் முதலில் தொடை நரம்பை மரக்கச் செய்துவிட்டு, அப்புறம்தான் நிமிர்த்துவோம். சென்ற மாதம் 82 வயதுப் பாட்டி ஒருவர் தலையணையைக் கட்டிக்கொண்டு, நர்ஸின் தோளில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மருந்து இறங்கியதும், "கால் சூடாகுது கண்ணு" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, "கால் இருக்குதா கண்ணு?" என்று பயந்துபோய்க் கேட்டார். அவர் கையைப் பிடித்துத் தொடையில் வைத்துக் காட்டினேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும் என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்பினால் இந்தப் பயம் பாதியாகும்.

மருந்து வேலை செய்யும்போது காலின் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். வயதான இதயம் அதைச் சட்டென்று ஈடுகட்டாது. அதனால்தான் அளவைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் பக்கத்திலேயே நிற்கிறோம். இதய வால்வு சுருங்கியிருந்தால் இந்த இறக்கம் ஆபத்து. பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் இருந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. இன்னொரு பெரியவருக்கு "பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான்" என்று மகன் உறுதியாகச் சொன்னார். காலையில் மகள் கொண்டுவந்த மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினேன். நடுவில் க்ளோபிடோக்ரெல் அட்டை, முந்தைய இரவு மாத்திரை வரை காலி. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது. தெரியாமல் ஊசி போட்டிருந்தால், உள்ளே ரத்தம் கட்டி நரம்புகளை நெருக்கி, இரண்டு காலும் செயலிழந்திருக்கக்கூடும். மகன்மேல் தப்பில்லை, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்த நாளிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது மகள்தான்.

அவருக்கு முழு மயக்கம் கொடுத்தோம். நன்றாகவே தேறினார். முழு மயக்கம் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 60 நாள் கழித்துப் பார்த்தபோது உயிர் பிழைப்பதிலும் மறுபடி நடப்பதிலும் முதுகு ஊசி மேலானதாக இல்லை. எலும்பு முறிவில் மாத்திரையின் வேகம் குறையட்டும் என்று ஒரு வாரம் படுக்க வைப்பதுதான் கெடுதல். சளி கட்டும், படுக்கைப்புண் வரும்.

மூட்டு மாற்று போல நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் க்ளோபிடோக்ரெலை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துவோம். ஆனால் இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். மறுபடி என்றைக்குத் தொடங்க வேண்டும் என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.