நட்சத்திரத்துக்கு வால் முளைப்பது ஏன்?

130 மில்லிமீட்டர் நியூட்டன் தொலைநோக்கி வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நிலா நன்றாகத் தெரிகிறது. நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் வால் முளைக்கிறது. கண்ணாடி பழுதா?"

பழுதில்லை. ஆடிகள் இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை, அவ்வளவுதான். வண்டியில் வந்த குலுக்கலே அதற்குப் போதும்.

குழாயின் அடியில் உள்ள குழியாடி ஒளியைக் குவிக்கிறது. வாயருகே 45 பாகையில் சாய்ந்த சின்னச் சமதள ஆடி அதைப் பக்கவாட்டில், நாம் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்குத் திருப்புகிறது. குழியாடியின் வடிவம் பரவளையம். அதற்கு ஒரே ஓர் அச்சுதான். அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் சேரும். சற்றே சாய்ந்து வந்தால், விளிம்பில் பட்ட ஒளி ஓரிடத்திலும் நடுவில் பட்டது வேறிடத்திலும் விழுந்து புள்ளி வால்மீனாக நீளும். இதுதான் கோமா. குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல 8 மடங்கு என்றால், அச்சைச் சுற்றி ஏறக்குறைய 11 மி.மீ. அகலத்துக்குப் பிம்பம் தெளிவாக இருக்கும். 5 மடங்கு என்றால் 3 மி.மீ. கூடத் தேறாது. குட்டைக் குழாய்க்காரர்கள்தான் அதிகம் திண்டாடுகிறார்கள்.

பகலில் செய்வது எளிது. ஐபீஸைக் கழற்றி, நடுவில் துளையிட்ட மூடி வழியாகப் பாருங்கள். சின்ன ஆடி வட்டமாகவும் நடுவிலும் தெரிந்து, அதற்குள் பெரிய ஆடி முழுதும் அடங்க வேண்டும். அப்புறம் பின்புறத்து மூன்று திருகுகளால், பெரிய ஆடியின் மையத்தில் ஒட்டிய வளையத்துக்குள் துளையின் பிம்பத்தைக் கொண்டுவாருங்கள். வளையம் ஒளியை மறைக்காதா? மறைக்காது, அந்த இடம் ஏற்கெனவே சின்ன ஆடியின் நிழலில்தான் இருக்கிறது.

எனக்கு அலுக்காதது இரவுச் சோதனை. ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர அரைமணி விட்டு, ஒரு நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் நிறுத்தி, ஃபோகஸைக் கலையுங்கள். புள்ளி விரிந்து உளுந்து வடை மாதிரி ஆகும். நடுத்துளை சின்ன ஆடியின் நிழல். துளை ஓரமாக ஒதுங்கியிருந்தால் ஆடி சாய்ந்திருக்கிறது. எந்தத் திருகைத் தொடுவது? குழாயின் வாயில் கையை நீட்டுங்கள். வடைக்குள் உங்கள் விரல்களின் நிழல் தெரியும்! அந்த வடை உண்மையில் ஆடியின் வரைபடம். நிழல் வடையின் மெலிந்த பக்கத்துக்கு வரும்வரை கையை நகர்த்தினால், அந்தப் பக்கத்துத் திருகையோ அதற்கு நேரெதிரானதையோ தொட வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். ஆடி சாய்வதைப் போல இரு மடங்கு ஒளி விலகும். நட்சத்திரம் ஓடிவிடும். நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள்.

நகராது என்பதற்காகத் துருவ நட்சத்திரத்தைச் சிலர் சொல்வார்கள். சென்னையில் அது 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; அடிவானக் காற்று வடையைக் கலக்கிவிடும். திருவாதிரை உச்சிக்கு வரும் நேரம் நல்லது.

பள்ளிகளுக்குத் தொலைநோக்கி வாங்க நிதி தருகிறவர்கள், இதைக் கற்றுத்தர ஒரு மாலைப்பொழுதுக்கும் சேர்த்துத் தர வேண்டும். "தெரியவில்லை" என்று அலமாரிக்குள் போன கருவி ஒன்றை நானே திறந்திருக்கிறேன். மூன்று திருகுகள், இருபது நிமிடம். அன்றிரவே சனியின் வளையம் கோளிலிருந்து பிரிந்து தெரிந்தது.